காதுக்குள் திடீர் இரைச்சலா? எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன் இதைப் படி, தங்கச்சி

கடந்த மாசி மாதம் ஒரு நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு என் தங்கை போன் செய்தாள். குரலில் அழுகை.

“அக்கா, நேத்து ராத்திரியிலேர்ந்து இடது காதுல ‘ங்ஙொய்’னு ஒரே சத்தம். ஃபேனை நிறுத்திப் பார்த்தேன், ஃப்ரிட்ஜை நிறுத்திப் பார்த்தேன், நிக்கவே இல்ல. அத்தை பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி வச்சிருக்காங்க. விட்டுக்கட்டுமா?”

“விட்டுக்காதே. போன் இப்ப எந்தக் காதுல இருக்கு?”

“வலதுல.”

“இடதுக்கு மாத்து. நான் பேசறது அதே மாதிரி கேக்குதா?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். “நீ பேசறது தெரியுது. ஆனா பானைக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்குக்கா.”

அன்று காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் காது மூக்கு தொண்டை டாக்டரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவளை அப்படி விரட்டி அழைத்துப் போனதற்குக் காரணம் எங்கள் சித்தி.

சித்தி வீடு காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில். கோர்வைச் சேலை நெய்யத் தறியில் ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று ஊடை இழை போடும் மூன்று நாடா ஓடும். நெய்கிறவர் குழியில் உட்கார்ந்தால், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் அப்படி உட்கார்ந்தவர் சித்தி. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போதே இடது காது அடைத்துக்கொண்டது. உள்ளே இரைச்சல். “தறிக்காரங்க காதுன்னா இரையத்தான் செய்யும்” என்றார் சித்தப்பா. பக்கத்து வீட்டு ஆயா எண்ணெய் விட்டார். மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். கையில் முகூர்த்தச் சேலை ஆர்டர் இருந்ததால், சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஐந்தாவது வாரம்தான் காது டாக்டரிடம் போனார்கள். “வந்த வாரமே வந்திருந்தா நல்லா முயற்சி பண்ணிப் பார்த்திருக்கலாம்மா” என்றார் அவர். அந்தக் காது திரும்பவில்லை.

நம் ஊர்ப் பெண்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். எல்லாக் காது இரைச்சலுக்கும் தறியின் மேல் பழியைப் போடாதே. தறிச் சத்தமோ மிஷின் சத்தமோ காதைக் கெடுக்கும் என்றால், வருஷக்கணக்கில், மெல்ல மெல்ல, பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்துத்தான் கெடுக்கும். ராத்திரி நன்றாக இருந்த ஒரு காது காலையில் அடைத்துக்கொண்டு இரைந்தால் அதற்குத் தறி காரணம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கக் கூடாது. அது வேறு விஷயம், அவசர விஷயம்.

வீட்டிலேயே இரண்டு நிமிஷச் சோதனை

இரைச்சல் தொடங்கியதும் பதற்றத்தில் எல்லோரும் சத்தத்தையே கவனிக்கிறார்கள். நீ கவனிக்க வேண்டியது, கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா என்பதை.

யாரையாவது போனில் கூப்பிட்டு ஒரு காதில் கேள், பிறகு அடுத்த காதில் கேள். ஒரே அளவாகக் கேட்கிறதா? அடுத்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் காதருகே வைத்து உரசிப் பார். அந்த மெல்லிய சரசரப்பு இரண்டு பக்கமும் ஒன்று போலக் கேட்க வேண்டும்.

மூன்றாவது சோதனைக்கு வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீளமாக இழு. அதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள். நல்ல காதுள்ள யாராவது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்றால், அடைத்த காதுப் பக்கம்தான் சத்தம் கனமாகக் கேட்கும். உனக்கு இரைகிற காதுப் பக்கமே அந்த முனகல் கனமாகக் கேட்டால், குறும்பியோ சளியோ அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கம் கனமாகக் கேட்டால் உள்காதிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம். டாக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். உன் சோதனை முடிவல்ல, அவர் செய்வதுதான் முடிவு. ஆனால் போவதா வேண்டாமா என்று தயங்கும் நேரத்தில் இது உன்னைக் கிளப்பிவிடும்.

ஒரு காதில் கேட்பது குறைந்திருந்தால், அன்றைக்கே போ. பத்திய நாள், விசேஷ நாள், அறுக்க வேண்டிய சேலை, எதற்காகவும் நிறுத்தாதே. மூன்று நாளுக்குள் திடீரென்று உள்காதுக் கேட்புத்திறன் விழுவதை மருத்துவத்தில் தனி நோயாகவே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது ஏன் வந்தது என்று கடைசி வரை தெரிவதில்லை. வைரஸ் கிருமியாக இருக்கலாம், உள்காதுக்குப் போகும் ரத்த ஓட்டமாக இருக்கலாம் என்று சொல்வார்கள். காரணம் தெரியாவிட்டாலும் சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள், சிலருக்குச் செவிப்பறை வழியாகவே ஊசி போடுவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு நல்ல வாய்ப்பு, அதிலும் முதல் சில நாட்கள் மிக முக்கியம். அதற்குப் பிறகும் ஆறு வாரம் வரை ஊசி போட்டுப் பார்ப்பது உண்டு, ஆனால் நாள் ஏற ஏற நம்பிக்கை குறையும். சிலருக்கு மருந்தில்லாமல் தானாகவே திரும்பிவிடும் என்பது உண்மை. அது யாருக்கு, யாருக்கு இல்லை என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் முடியாது. அதனால் அந்தப் பந்தயத்தில் உன் காதை வைக்காதே.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் உமிழ்நீர் தொட்டு முடிச்சுப் போட்டு ஓட்டிவிடுவோம், அடுத்த விரலுக்குள் அந்த இடமே தெரியாது. அந்தச் செல் செத்தால் முடிச்சுப் போட முடியாது. மனுஷ உடம்பு அதைத் திரும்ப வளர்ப்பதில்லை. நான் இவ்வளவு அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால், இரைச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாளிலேயே எழுதிவை. அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இன்னும் இரண்டு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள். சத்தம் ஒரு காதிலா, இரண்டிலுமா? ஒரே மாதிரி இழுக்கிறதா, அல்லது நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று அடிக்கிறதா? மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். துடிப்போடு அடிக்கும் சத்தத்துக்கு ரத்தக் குழாயையும் பார்க்க வேண்டியிருக்கும், அதைச் சொல்லாமல் விடாதே. இரைச்சலோடு முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, கை கால் மரத்துப் போவது, நிற்க முடியாத அளவு தலைசுற்றல், இவற்றில் ஒன்று இருந்தாலும் காது டாக்டருக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடு.

எங்கே போவது?

காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடு. “காதுல சத்தம்” என்று மட்டும் சொல்லாதே. “நேத்து ராத்திரி திடீர்னு ஒரு காது கேக்கறது குறைஞ்சிடுச்சு” என்று சொல். இந்த ஒரு வாக்கியம் உன்னை வரிசையில் முன்னால் கொண்டுபோகலாம். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேலே என்றால் சென்னையில் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. நம் ஊரிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் கடற்கரைக்குப் போகும் ரயிலைப் பிடித்தால் இரண்டுமே அந்தத் தடத்தில்தான்.

அங்கே பயப்படும்படி எதுவும் செய்ய மாட்டார்கள். விளக்கு வைத்துக் காதுக்குள் பார்ப்பார்கள். சத்தம் புகாத சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக விட்டு, கேட்டதும் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அதுதான் ஆடியோகிராம். அந்தத் தாளைப் பத்திரமாக வை, அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு காதில் மட்டும் கேட்பு குறைந்து இரைச்சலும் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். செவி நரம்பில் அரிதாக வளரும் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். அது பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத, மெல்ல வளரும் கட்டி. எம்.ஆர்.ஐ. என்ற வார்த்தையைக் கேட்டதும் வீட்டில் ஒப்பாரி வேண்டாம். சர்க்கரை இருப்பவர்கள் ஸ்டீராய்டு தொடங்கும்முன் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், மாத்திரை ஓடும் நாட்களில் சர்க்கரை ஏறும். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுப்பவளாக இருந்தாலும் சொல்.

என் தங்கைக்கு உள்காதுக் குறைவுதான் என்று ஆடியோகிராமில் வந்தது. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் எடுத்த தாளில் கோடு கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இரைச்சல் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காதுக்குள் எதையும் விடாதே

நம் பாட்டிகள் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்கும் இரண்டு சொட்டு விட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க அவர்களிடம் விளக்கு இல்லை. ஓட்டை இருக்கும் காதில் எண்ணெய் விட்டால் நடுக்காது வரை போய்ச் சீழ் பிடிக்கும். ஈரமும் எண்ணெயும் சேர்ந்த காதில் காளான் வளர்வது நம் பக்கத்து வெக்கையில் சகஜம், அந்த அரிப்பும் அடைப்பும் தனித் தொல்லை. எண்ணெய் ஊறிய காதை டாக்டர் சுத்தம் செய்த பிறகுதான் உள்ளே பார்க்கவே முடியும், அதற்கு ஒரு நாள் வீண்.

பட்ஸ், ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு எல்லாவற்றுக்கும் இதே பதில். குறும்பி அழுக்கு அல்ல, காது தானே செய்துகொள்ளும் காப்பு. அது தானாக வெளியே நகரும். பட்ஸ் விடும்போது நாம் கொஞ்சத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை உள்ளே தள்ளி இறுக்குகிறோம். அப்படி இறுகிய குறும்பியே பல பேருக்கு இரைச்சலுக்குக் காரணம். இது நல்ல செய்தி, ஏனென்றால் டாக்டர் எடுத்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே, அப்போதே சத்தம் நின்றுவிடும்.

இன்னொன்று, மாத்திரை. குழித் தறியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பும் முழங்காலும் கேட்கும். நம் தெருவில் பாதிப் பேர் மருந்துக் கடையில் வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிறார்கள். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் அளவு மீறினால் காது இரையும். வேறு சில வலி மாத்திரைகளும், மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினின் வகையும், காசநோய்க்கும் கடும் தொற்றுக்கும் போடும் சில ஊசிகளும், சில புற்றுநோய் மருந்துகளும், நீர் பிரிய வைக்கும் மருந்தும் காதைத் தொடும். நீ போடும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோ. சந்தேகத்தில் நீயாக எதையும் நிறுத்திவிடாதே, பிரஷர் மாத்திரையையும் இதய மாத்திரையையும் கண்டிப்பாக நிறுத்தாதே. கூடவே பிரஷர், ரத்த சோகை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடச் சொல். நம் பெண்களுக்கு இந்த மூன்றும் தெரியாமலே இருக்கும்.

ஒரு விஷயம் கூச்சப்படாமல் பேச வேண்டியது. “காதுக்குள்ள சத்தம் கேக்குது” என்றால் பைத்தியம் என்பார்களோ என்று மறைக்கிற பெண்களை எனக்குத் தெரியும். இரைச்சல், விசில், வண்டு ரீங்காரம், மணிச் சத்தம் இவையெல்லாம் காது சம்பந்தப்பட்டவை, மனநோய் இல்லை. யாரோ பேசுகிற குரலாக, வார்த்தையாகக் கேட்டால் அது வேறு, அதற்கு மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தறி நின்ற பிறகு

டாக்டர் எல்லாம் பார்த்து, “ஒண்ணும் ஆபத்தில்லம்மா, சத்தம் மட்டும் கொஞ்ச நாள் இருக்கும், பழகிடும்” என்று அனுப்பிவிடுவார். அந்த “பழகிடும்” என்ற வார்த்தையைக் கேட்டால் கோபம் வரும். என் தங்கைக்கும் வந்தது. எப்படிப் பழகுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

நெசவு வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. பகல் முழுக்க அச்சுப் பலகை அடிக்கும், ஜக்கார்டு ஏறி இறங்கும், ரேடியோ ஓடும். அப்போது இரைச்சல் தெரியாது. ராத்திரி தறி நின்று, விளக்கை அணைத்துப் படுத்ததும் காது பேசத் தொடங்கும். இரவானால் நோய் முற்றுகிறது என்று நினைத்துப் பயப்படுவோம். நோய் முற்றவில்லை. சுற்றிலும் சத்தம் இல்லாததால் உள்சத்தம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். காதிலிருந்து வர வேண்டிய ஒலி குறைந்தால் மூளை தன் வால்யூமைக் கூட்டி வைத்துக்கொண்டு தேடுகிறது, அந்தத் தேடலே நமக்கு இரைச்சலாகக் கேட்கிறது என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 1953-இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காது நன்றாக உள்ள 80 பேரை ஒவ்வொருவராகச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதினார்கள். முழு நிசப்தத்தில் அநேகமாக எல்லோருக்கும் உடம்பு ஏதாவது பேசும்.

அதனால் நிசப்தத்தைத் தேடிப் போகாதே. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தலையணையால் காதை மூடிப் படுத்தால் இரைச்சல்தான் பெரிதாகும். ஃபேன் ஓடட்டும். அது போதாவிட்டால் ரேடியோவை மிக மெல்லமாக வை, அல்லது போனில் மழைச் சத்தமோ தம்புராச் சுருதியோ போட்டுத் தலைமாட்டில் இல்லாமல் அறையின் மூலையில் வை. அளவு முக்கியம். உள்சத்தத்தை அமுக்கும் அளவு வைக்காதே, அதைவிட ஒரு படி கீழே இருக்கட்டும். இரண்டு சத்தமும் கலந்து கேட்டால்தான் மூளை ஒன்றை விட்டுவிடக் கற்றுக்கொள்ளும். இயர்போனைச் செருகிப் பாட்டை அலற விடுவது, எரிகிற காதில் இன்னொரு கொள்ளியை வைக்கிற மாதிரி.

என் தங்கை முதல் மாதம் மணிக்கொரு தரம் “இருக்கா, போயிடுச்சா” என்று காதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கவனமே அதற்குத் தீனி. அவளுக்கு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கைலாசநாதர் கோயில் புல்வெளிக்குப் போவோம். காற்றும் பறவைச் சத்தமும் தூரத்து ரோட்டுச் சத்தமும் இருக்கும், யாரும் கத்த மாட்டார்கள். அரை மணி நேரம் காதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது நிபந்தனை. முதல் வாரம் அவளுக்கு முடியவில்லை. மூன்றாவது வாரம் கிளம்பும்போது “அக்கா, இன்னிக்கு நடுவுல மறந்தே போயிட்டேன்” என்றாள். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தூக்கமே இல்லை, எந்நேரமும் அழுகையாக வருகிறது, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அதைத் தனியாகச் சுமக்காதே. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குக் கூப்பிடு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இரைச்சலைப் பற்றிய பய எண்ணங்களை மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கேட்பும் குறைந்தவர்களுக்குக் காது மிஷின் மாட்டினாலே பல நேரம் இரைச்சல் பின்னால் போய்விடும், வெளிச் சத்தம் உள்ளே வருவதால். வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் காது மிஷினுக்கு விண்ணப்பிக்கலாம். கண்ணாடி போடுகிறோம், காதுக்கு ஒன்று போட்டால் என்ன?

‘ஒரே மாதத்தில் இரைச்சல் நிற்கும்’ என்று விளம்பரம் வரும் மூலிகைச் சொட்டையும் மாத்திரையையும் வாங்காதே. ஜின்கோ, துத்தநாகம் என்று வருபவையும் இரைச்சலுக்குப் பரிந்துரைக்கப்படுபவை அல்ல. காபியை விடச் சொல்வார்கள். எல்லோருக்கும் அதில் பலன் கிடையாது. மாலைக் காபியை ஒரு வாரம் நிறுத்திப் பார், தூக்கம் நன்றாக வந்தால் அதுவே லாபம், வராவிட்டால் குடித்துக்கொள்.

மிச்சமிருக்கும் காதைக் காப்பாற்று

தறியின் மேல் பழி போடாதே என்றேன், சத்தம் காதைக் கெடுக்காது என்று சொல்லவில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் நூற்றுக்கணக்கான விசைத்தறிகளுக்கு நடுவே நின்ற பெண்கள், ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல், உதட்டசைவிலேயே பேசப் பழகினார்கள். அந்தப் பேச்சுக்கு ‘மீ மா’ என்று பெயரே உண்டு. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று ரசிக்கிறார்கள். எனக்கு அதில் கெட்டுப்போன காதுகள்தான் தெரிகின்றன.

அளவு பார்க்கக் கருவி வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள். 85-இல் 8 மணி நேரம் வரை தாங்கலாம். மூன்று டெசிபல் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் வெறும் கால் மணி. உன் வீட்டுத் தறி இந்தச் சோதனையில் தேறலாம். விசைத்தறிக் கூடம் தேறாது. அங்கே வேலை செய்யும் அண்ணனுக்கும் தம்பிக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடு.

திருவிழாவும் அப்படித்தான். வைகாசியில் வரதராஜர் கருட சேவைக்கு விடியுமுன் தெருவில் நின்று கும்பிடாமல் இருக்க நம்மால் முடியுமா? போ. ஆனால் தவில் கோஷ்டிக்கு ஒட்டி நடக்காதே, வெடி வைக்கும் இடத்தை விட்டுத் தள்ளி நில், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் முன்னால் நிற்கவே நிற்காதே. ஆடியில் கூழ் ஊற்றும் இடத்து ஸ்பீக்கருக்கும் இது பொருந்தும். 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைச் செய்யவும் விற்கவும் சட்டப்படி தடை இருக்கிறது. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கும் தடை உண்டு. பக்கத்தில் வெடித்த ஒரே ஒரு வெடியே ஒரு காதை முடித்துவிடக் கூடும்.

பஞ்சு அடைத்துக்கொண்டால் போதாது. மருந்துக் கடையில் சின்ன ஸ்பாஞ்சுக் காதடைப்பான் கிடைக்கும். விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துச் செருகி, அது உப்பும் வரை அரை நிமிஷம் விரலால் பிடித்துக்கொள். நாதஸ்வரம் அப்போதும் கேட்கும், காதைக் குத்தாமல் கேட்கும். ஆனால் வீட்டில் சும்மா இருக்கும்போதும் அதைச் செருகிக்கொண்டு திரியாதே, நிசப்தம் இரைச்சலை வளர்க்கும் என்று சொன்னேனே. விழாவுக்குப் போய் வந்த ராத்திரி காது ‘கொய்ங்’ என்றால், அது பட்ட அடி. காதுக்கு ஓய்வு கொடு. இரண்டு நாளில் போகாவிட்டால் டாக்டரிடம் போ, கேட்பும் குறைந்திருந்தால் இரண்டு நாள்கூடக் காத்திருக்காதே.

எல்லாம் செய்தும் ஒரு காது போய்விட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டு, இடது காதின் கேட்கும் திறனை இழந்தார், பேச்சும் மாறிப் போனது. அதற்குப் பிறகுதான் எத்தனையோ படங்கள். 1977-இல் முதலமைச்சராகி, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, 1987-இல் இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தார். ஒரு காதோடு முழு வாழ்க்கை வாழலாம். கல்யாண வீட்டில் நல்ல காது கூட்டத்தின் பக்கம் இருக்கும்படி உட்கார். ரோட்டைக் கடக்கும்போது காதை நம்பாமல் இரண்டு பக்கமும் கண்ணால் பார், வண்டி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது ஒற்றைக் காதுக்குச் சரியாகத் தெரியாது. “எனக்கு இந்தப் பக்கம் கேக்காது, அந்தப் பக்கம் வந்து பேசுங்க” என்று சத்தமாகச் சொல்லிப் பழகு.

சித்தி இன்றும் கோர்வைத் தறியில்தான் உட்காருகிறார். அவரோடு பேச வேண்டுமென்றால் நாங்கள் எல்லோரும் வலப்பக்கம் போய் உட்காருவோம். உன் காதில் நேற்றோ முந்தாநாளோ சத்தம் தொடங்கியிருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போனை எடுத்து இரண்டு காதிலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார். ஒரு காதில் குறைந்திருந்தால் வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே கிளம்பு, தங்கச்சி. சேலையை நாளைக்கு அறுத்துக்கொள்ளலாம்.